தணிகாசலம் சார் வீட்டு ஃப்ரிட்ஜ்

பணி ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும், குரோம்பேட்டை சர்வீஸ் சென்டரின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை. காலையில் யார் எந்தப் பக்கம் போகிறார்கள், எந்த ஸ்பேர் வந்திருக்கிறது, யாருடைய பைக் பஞ்சர் என்பதெல்லாம் எனக்கும் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. சமீபத்தில் அதில் ஓர் அறிவிப்பு வந்தது. பழைய சைடு பை சைடு ஃப்ரிட்ஜ்களுக்கு இனிமேல் உதிரி பாகங்கள் வராதாம். கம்ப்ளெயின்ட் வந்தால் பழுது பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு, புதிதாக வாங்க வழி சொல்ல வேண்டுமாம். அதற்குக் கீழே பிரவீன் என்ற டெக்னீஷியன் கேட்டிருந்தார்: "சம்பத் சார், இந்த மெஷின்ல நீங்க பாத்ததுலயே கஷ்டமான கம்ப்ளெயின்ட் எது? எங்களுக்காக எழுதுங்க சார்."

கம்ப்ரஸர் எரிந்தது, கேஸ் ஒழுகியது என்று ஏதாவது எதிர்பார்த்திருப்பார். எனக்கு அந்தக் கேள்வியைப் படித்ததும் நினைவுக்கு வந்தது அஸ்தினாபுரத்தில் ஒரு வீடு. வாட்ஸ்அப்பில் எழுதக்கூடியதாக அது இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்கு வந்தபோது தாம்பரம் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் இருக்கும் வீடுகளே குறைவு. ஒற்றைக் கதவு, உள்ளே ஒரு ஐஸ் பெட்டி, அவ்வளவுதான். கேஸ் நிரப்பவும் குழாய் ஒட்டவும் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வேலை என்றால் என்ன என்பது எனக்குப் புரிந்தது தணிகாசலம் சார் எங்களுக்கு சர்வீஸ் மேனேஜராக வந்த பிறகுதான்.

மேனேஜர் என்றால் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்திருந்தோம். இவர் எங்களுடன் ஸ்கூட்டரில் வருவார். "பரவால்ல சார், செருப்போட வாங்க" என்று வீட்டுக்காரர்கள் சொன்னாலும் வாசலிலேயே கழற்றுவார். உள்ளே போனதும் மெஷினைத் திறக்க மாட்டார். பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு அந்த வீட்டு அம்மாவைப் பார்த்து, "எது முதல்ல கெட்டுப்போச்சும்மா? பாலா, தயிரா, கீரையா?" என்று கேட்பார். எது எந்தத் தட்டில் இருந்தது என்று தெரிந்தால், குளிர் எதுவரை வந்து நின்றுவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். தரையில் கைக்குட்டையை விரித்து, கழற்றிய ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. குளிரை அளக்கும் சென்சார் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதன் வயரைப் பிடுங்கி, மீட்டரை வைத்து அளந்து, மறுபடி மாட்ட வேண்டும். பிடுங்கியதிலிருந்து மாட்டுவது வரை யாருடனும் பேசக் கூடாது. போன் அடித்தால் எடுக்கக் கூடாது. "நடுவுல புத்தி வேற எங்கயாவது போயிடுச்சுன்னா வயர் அப்படியே தொங்கும். நீ வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க திரும்ப போன் பண்ணுவாங்க" என்பார்.

சைடு பை சைடு மெஷின்கள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்த காலம். பீரோ மாதிரி அகலம். இடது பக்கம் முழுக்க ஃப்ரீசர், வலது பக்கம் முழுக்க ஃப்ரிட்ஜ். பாதி கம்ப்ளெயின்ட் மெஷினைப் பற்றியதாக இருக்காது, இடத்தைப் பற்றியதாக இருக்கும். கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடுவார்கள். வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் அகலம் தெரியும். அனகாபுத்தூரில் கன்னியம்மா வீட்டில் அப்படித்தான் ஆனது.

கன்னியம்மா பம்மல் மார்க்கெட்டில் மீன் விற்பவர். ஒரு அபார்ட்மெண்டில் யாரோ வீடு காலி செய்தபோது, அவருடைய மகன் பழைய சைடு பை சைடு ஒன்றை வாங்கி வந்துவிட்டான். மீனும் ஐஸும் வைக்கலாம் என்று கணக்கு. தறிச் சத்தம் கேட்கும் சந்து அது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். நாங்கள் போனபோது ஃப்ரிட்ஜ் சந்து முனையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

"இன்னா சார் பண்றது? காலைலேர்ந்து ரோட்லயே கீது. போறவன் வர்றவன்லாம் சிரிச்சிகினு போறான். வூட்ட இடிச்சாத்தான் உள்ள போவும்னு சொல்றான் என் புள்ள" என்றார் கன்னியம்மா.

"வீட்ட இடிக்க வேணாம்மா. கதவக் கழட்டினா போதும்."

"எந்தக் கதவு சார்? வூட்டுக் கதவா, இத்தோட கதவா?"

"ரெண்டும்" என்றார் சார்.

அன்று அவர் அளந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. வாசல் அகலத்தை மட்டும் அளக்கவில்லை. சந்தில் மெஷின் திரும்ப வேண்டிய இடத்தை அளந்தார். வாசலுக்கு நேரே இருந்த தண்ணீர் டிரம்மை அளந்தார். உள்ளே நிற்கப்போகும் இடத்தில் இரு பக்கமும் காற்றுப் போக இடைவெளி விட்டு, கதவு முழுதாகத் திறந்தால் எங்கே இடிக்கும் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டார். மேலே கீலுக்குள் ஓடும் வயரைப் பிரித்து, கதவுகளைத் தூக்கி எடுத்து, மெஷினைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினோம். ஒரு விரல் இடைவெளியில் உள்ளே போனது. கன்னியம்மா எங்கள் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அடையாறு பெருகி வந்த வருடம் அந்தச் சந்து மூழ்கியது. வெள்ளம் வடிந்த பிறகு நானும் சாரும் போனோம். தண்ணீர் ஏறும்போது ஃப்ரிட்ஜ் மிதக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கன்னியம்மா வீட்டில் அது மிதந்து போய் வாசலில் குறுக்கே விழுந்து, கதவை உள்ளிருந்தே அடைத்துவிட்டது. மகன் கூரை ஷீட்டை உடைத்து அம்மாவை மேலே ஏற்றியிருக்கிறான்.

"உயிரு கெடச்சுதே சார், அத்த வுடு" என்றார் கன்னியம்மா.

சார் சேறு படிந்த அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, "உள்ள வர்றதுக்கு அளந்தோம் சம்பத். வெளிய போறதுக்கு யாரும் அளக்கல" என்றார்.

அதன் பிறகு சில வருடங்களில் சார் ஓய்வு பெற்றார். வீடு அஸ்தினாபுரத்தில். மனைவி வசந்தா டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். ஒரே மகள் சுபாவுக்கு பெங்களூரில் வேலை, குடும்பம். அப்பா ஓய்வு பெற்றபோது சுபா பரிசாக வாங்கிக் கொடுத்ததுதான் அந்த சைடு பை சைடு. "ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்ளோ பெருசு?" என்று டீச்சர் கோபித்துக்கொண்டார். சமையலறையில் இடம் போதாது என்று சார் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே சுவரோரம் நிறுத்தினார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, பாதி திறந்த கதவை விட்டால் அது தானாகப் போய் மூடும்படி வைத்திருந்தார்.

டீச்சருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. இன்சுலின் மருந்தை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைத்திருப்பார்.

முதல் போன் ஒரு கோடையில் வந்தது.

"சம்பத், ஃப்ரீசர் நல்லா இருக்கு. இந்தப் பக்கம்தான் தண்ணி பாட்டில்கூட ஜில்லுனு ஆகல. உங்க சார் தானே பாக்கறேங்கறார். நான்தான் வேணாம்னுட்டேன். நீங்க வர முடியுமா?"

இந்த மெஷினில் குளிர் உண்டாவது ஃப்ரீசர் பக்கத்தில் மட்டும்தான். அங்கிருந்து ஒரு ஃபேன் குளிர்காற்றைத் தள்ளும். நடுச்சுவரில் சின்ன ஜன்னல் மாதிரி ஒன்று இருக்கிறது, டேம்பர் என்போம். அது திறந்தால் காற்று ஃப்ரிட்ஜ் பக்கம் வரும், மூடினால் நிற்கும். எப்போது திறக்க வேண்டும் என்பதை ஃப்ரிட்ஜ் பக்கத்து சென்சார் சொல்லும். ஆக, ஃப்ரீசர் நன்றாக இருந்து இந்தப் பக்கம் மட்டும் குளிரவில்லை என்றால் கம்ப்ரஸரைச் சந்தேகிக்கத் தேவையில்லை. ஃபேன், டேம்பர், சென்சார், வழியில் அடைத்த ஐஸ், இவற்றுக்குள் ஏதோ ஒன்று.

சென்சாரை மறைத்திருக்கும் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சென்சார் வயர் சாக்கெட்டிலிருந்து விலகித் தொங்கியது. அந்த வயர் விட்டுப்போனால் உள்ளே பயங்கரக் குளிர் என்று மெஷின் தப்பாக நினைத்து டேம்பரை மூடிவிடும். மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது. சார் பின்னால் கைகட்டி நின்று பார்த்தார். "எப்போலேர்ந்து தொங்குதுன்னு கேட்டியா?" என்றார். அவரிடமிருந்து வரவேண்டிய கேள்விதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து மறுபடி போன். மறுபடி அதே வயர் தொங்கியது. சாக்கெட்டின் பிடிப்பு தேய்ந்திருக்கும் என்று நினைத்து, சென்சாரையே வயரோடு புதிதாக மாற்றினேன். அன்று சார் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். "ஃபேன் சத்தம் சீரா இருக்கா? கதவு ரப்பர்ல காகிதம் வச்சு இழுத்துப் பாத்தியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய தணிகாசலம் சார். டீச்சர் சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஃப்ரிட்ஜைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று என்னை உட்கார வைத்துவிட்டார்.

மூன்றாவது முறை போனபோது வயர் கெட்டியாக மாட்டியிருந்தது. ஆனாலும் பால் திரிந்திருந்தது. நடுத்தட்டில் குளிர் இல்லை. அப்படியென்றால் டேம்பர்தான் அவ்வப்போது சிக்கிக்கொள்கிறது என்று எண்ணினேன். அந்த மாடல் நின்றுபோய் வெகுநாள் ஆகியிருந்தது. கம்பெனி ஸ்டோரில் இல்லை. ஸ்பேர் கடைகளில் பார்வைக்கு அதே போல ஒன்றைக் காட்டினார்கள். பார்வையை நம்ப முடியாது. பிளாஸ்டிக் உடம்பு ஒன்றாக இருக்கும், உள்ளே மோட்டாரின் வோல்டேஜ் வேறாக இருக்கும். ஜன்னல் திறக்கும் திசை மாறியிருக்கும். சாக்கெட்டில் ஒரு பின் கூடுதலாக இருக்கும். மாட்டினால் பொருந்தும், வேலை செய்யாது.

கடைசியில் குன்றத்தூர் சாலையில் ஒரு பழைய சாமான் கிடங்கில் கிடைத்தது. வேறு கம்பெனி பெயர் ஒட்டியிருந்தது, ஆனால் உடம்பு ஒரே தொழிற்சாலையில் பிறந்தது. கதவின் கீலும் உள்தட்டின் பள்ளமும் அதைக் காட்டிக் கொடுத்தன. வெயிலில் உட்கார்ந்து டேம்பரைப் பிரித்தெடுத்து, பின்களை எண்ணி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கி வந்தேன்.

அதைப் பொருத்திக்கொண்டிருந்தபோது சார் கேட்டார், "அனகாபுத்தூர் போயிட்டு வந்தியா?"

"இல்லையே சார், குன்றத்தூர் போனேன்."

"கன்னியம்மா வீட்ல தண்ணி ஏறுதுன்னாங்களே. வெளிய வந்துட்டாங்களா அந்தம்மா? ஃப்ரிட்ஜ் குறுக்க விழுந்தா கதவத் திறக்க முடியாதுப்பா. யாராவது போய்ச் சொல்லணும்."

என் கை நின்றுவிட்டது. வெள்ளம் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. "வந்துட்டாங்க சார். நல்லா இருக்காங்க" என்றேன். "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

கேட் வரை வந்த டீச்சர், நான் கேட்காமலேயே சொன்னார்: "வயசாச்சுல்ல சம்பத். சில சமயம் நாள் கிழமை குழம்பிடுது. சுபாகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. பயந்துடுவா."

அந்த டேம்பர் போட்ட பிறகு கொஞ்ச நாள் போன் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு வந்த போன் சுபாவிடமிருந்து.

"அங்கிள், அம்மாவ தாம்பரத்துல ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். சுகர் எக்கச்சக்கமா ஏறி மயங்கி விழுந்துட்டாங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் பாத்திருக்காங்க."

ஓடினேன். ஐ.சி.யூ. வாசலில் சுபா நின்றிருந்தார். கண் வீங்கியிருந்தது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது. "இன்சுலின் ஒழுங்காத்தான் போட்டுட்டிருந்திருக்காங்க. மருந்தே கெட்டுப்போயிருக்கலாம்னு டாக்டர் சொல்றார். சூட்டுல இருந்தா வீரியம் போயிடுமாம், பாத்தா தெரியாதாம். புது ஃப்ரிட்ஜ் வாங்கிடலாம்னு எத்தன தடவ சொன்னேன் அங்கிள். சம்பத் பாத்துட்டார், சரியாயிடுச்சுன்னே சொல்லிட்டிருந்தாங்க."

மறுநாள் பகலில் தான் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், நான் அப்பாவுடன் வீட்டில் இருக்க முடியுமா என்று சுபா கேட்டார். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

காலையிலேயே ஃப்ரிட்ஜை முழுதாகப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. நடுத்தட்டில் தெர்மாமீட்டரை வைத்து மூடினேன். குளிர் நிலையாக நின்றது. சார் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தார். நான் ஹால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் சார் எழுந்து வந்தார். நான் அங்கே இருப்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். கதவைத் திறந்தார். கைக்குட்டையைத் தரையில் விரித்தார். கை நடுங்கியது, ஆனால் ஸ்க்ரூவின் தலையில் நுனி பட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. ஸ்க்ரூக்களை வரிசையாக அடுக்கினார். மூடியை எடுத்தார். சென்சார் வயரைச் சாக்கெட்டிலிருந்து பதமாக உருவினார். எனக்கு அவர் சொல்லிக் கொடுத்த அதே பதம்.

பிறகு வலது கையைப் பக்கத்தில் நீட்டினார், மீட்டருக்காக. அங்கே மீட்டர் இல்லை. அந்த வீட்டிலேயே இல்லை. ஓய்வு பெற்ற அன்றே ஆபீசில் ஒப்படைத்துவிட்டார். அதைத் தேடிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தபோது கையில் துண்டு இருந்தது. ஃப்ரிட்ஜ் திறந்து கிடப்பதைப் பார்த்தார். யாரோ செய்துவிட்டுப் போன அரைகுறை வேலையைப் பார்ப்பது போல முகத்தைச் சுளித்தார். மூடியை எடுத்துப் பொருத்தி, ஸ்க்ரூக்களை வரிசை மாறாமல் முடுக்கி, கதவை மூடினார். வயர் உள்ளே தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"வாப்பா சம்பத், எப்ப வந்த? ஒரு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. அஸ்தினாபுரத்துல. ஃப்ரீசர் நல்லா இருக்காம், ஃப்ரிட்ஜ் பக்கம் கூலிங் இல்லையாம். போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

"போலாம் சார்" என்றேன். அவர் மறுபடி படுக்கப் போன பிறகு வயரை மாட்டினேன். மாட்டிவிட்டு அந்தத் திறந்த கதவின் முன்னால், குளிர் முகத்தில் அடிக்க, வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டீச்சரை வார்டுக்கு மாற்றிய பிறகு போய்ப் பார்த்தேன். சுபா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

"பாத்துட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"எனக்கு ரெண்டாவது தடவையே தெரியும் சம்பத். நீங்க மாட்டறதப் பாத்து நானும் மாட்டக் கத்துக்கிட்டேன். அவர் கழட்டினா நான் மாட்டிடுவேன். சில நாள் கவனிக்காம விட்டுடுவேன். மூணாவது தடவ நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் மாட்டினேன்."

"அப்புறம் ஏன் டீச்சர் என்னைக் கூப்பிட்டீங்க? நான் டேம்பருக்காக ஊரெல்லாம் அலைஞ்சேனே."

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க வந்தா அன்னைக்கு முழுக்க அவர் அவரா இருக்கார். என் பேரு சரியாச் சொல்றார். சாப்பிடும்போது உப்பு கம்மின்னு சொல்றார். நீங்க போனப்புறம்கூட சாயங்காலம் வரைக்கும் அது நிக்குது. அதுக்காகத்தான். மருந்து கெடும்னு நான் நெனச்சுப் பாக்கல. பாத்தா தண்ணி மாதிரி தெளிவாத்தானே இருந்தது."

என் பக்கம் திரும்பி, "சுபாகிட்ட சொல்லாதீங்க. அவர எங்கயாவது ஹோம்ல சேர்க்கணும்னு சொல்வா. இந்த வீட்ட விட்டா அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது" என்றார்.

"ஃப்ரிட்ஜ்ல எந்தக் கோளாறும் இல்லைன்னு நான் அவங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும் டீச்சர். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உங்களக் காப்பாத்த முடியாது. நான் சொல்றதவிட நீங்க சொன்னா நல்லது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுபா மேலே வந்ததும் டீச்சர் என்னை வெளியே இருக்கச் சொல்லாமல், என் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னார். சுபா கோபப்படவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன நாள் தனியாவாம்மா பாத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்டார்.

ஹோமில் சேர்க்கவில்லை. பகலில் சாரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வந்து இருக்க ஏற்பாடு செய்தார்கள். டீச்சர் அறையில் மருந்துக்கென்று சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று பூட்டோடு வைத்தோம். பெரியதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். என் பழைய மீட்டர் ஒன்றை அதன் மேலேயே, சார் கைக்கு எட்டும்படி வைத்தேன். அது கைக்கு எட்டிய பிறகு வேலை முழுதாக நடந்தது. பிடுங்குவார், அளப்பார், அளவைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார், மாட்டுவார். வார விடுமுறையில் நான் போய் உட்கார்ந்திருப்பேன். டீச்சர் வழக்கம்போல நிலைப்படியில் நிற்பார்.

அதுவும் நீடிக்கவில்லை. ஒருநாள் மீட்டரைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "இது என்னப்பா, ரேடியோவா?" என்று என்னிடம் கேட்டார். டீச்சர் உள்ளே போய்விட்டார். அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

அந்த மயக்கத்துக்குப் பிறகு டீச்சரின் உடம்பு தேறவே இல்லை. சிறுநீரகம் கெட்டுவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். சார் கொள்ளி வைத்தார். வைத்துவிட்டு, யார் வீட்டு விசேஷம் என்று என்னிடம் மெதுவாக விசாரித்தார்.

சுபா அப்பாவை பெங்களூருக்கு அழைத்துப் போனார். சில வாரங்களில் போன் செய்தார். "வீடு முழுக்க எதையோ தேடிட்டே இருக்கார் அங்கிள். சுவர் சுவரா கைய வச்சுப் பாக்கறார். அந்த ஃப்ரிட்ஜதான் தேடறாரோன்னு தோணுது. இங்க கொண்டு வர முடியுமா?"

அளவுகளை எடுத்து அனுப்பச் சொன்னேன். லிஃப்டின் உட்புறம், வாசல், ஹாலுக்குத் திரும்பும் இடம், எல்லாம் போட்டோவாக வந்தன. சுபாவின் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கென்று கட்டிய மாடத்தில் இது நுழையாது. ஹாலில் டி.வி.யை நகர்த்தினால் இடம் உண்டு. லிஃப்டில் கதவுகளைக் கழற்றினால்தான் போகும். வண்டியில் ஏற்றிவிட்டு, கதவை மாட்ட நானும் கூடப் போனேன். வேறு யாரையும் அனுப்ப மனம் வரவில்லை.

சார் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னை யாரென்று தெரியவில்லை. வேலைக்கு வந்தவர் என்ற மரியாதையோடு, "தண்ணி சாப்பிடுங்க" என்றார். மெஷினை நிறுத்தி, மட்டம் பார்த்து, கதவுகளைத் தூக்கி மாட்டி, மேலே வயரைச் சேர்த்தேன். உள்ளே தட்டுகளைச் சுபா அடுக்கினார். சாமான்களோடு வந்திருந்த எவர்சில்வர் டப்பாவை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தவர், கடைசியில் அதை நடுத்தட்டிலேயே வைத்துவிட்டார்.

கரண்ட் கொடுத்ததும் மெஷின் மெல்ல முனகி ஓட ஆரம்பித்தது. சார் எழுந்து வந்தார். கதவைத் திறந்தார். வெறும் தட்டுகள். டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை.

"இது ஊசி மருந்து வைக்கிற டப்பா. இந்த வீட்ல யாருக்கு சர்க்கரை?" என்று கேட்டார்.

சுபா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"யாருக்கும் இல்லப்பா" என்றார் சுபா.

"அப்ப நல்லது" என்று சொல்லி, சார் டப்பாவை மூடி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.